கோடாலிக்குத் துணை வலு

மச்சான்,

நேற்று ஆயுத பூஜை. என் தச்சுச் சாமான்களான உளி, இழைப்புளி, வாச்சி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு, காரைக்குடியில் இருந்து கல்லலுக்குப் பஸ் ஏறினேன். உங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் விளையாட்டுக் கன்ட்ரோலரையும் பூஜைக்கு வைக்க வேண்டும் அல்லவா? துடைக்கலாம் என்று திருப்பினேன். பின்பக்கத் திருகுக் குழியில் போன வருஷம் நீங்கள் வைத்த சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கைச்சூடு பட்ட பிறகு லேசாக வாசனை வந்தது. அதைச் சுரண்ட மனம் வரவில்லை. பக்கத்திலேயே புதுப் பொட்டு ஒன்று வைத்தேன்.

நேற்று ஆயுதத்தைத் தொடக் கூடாது, எழுதப் படிக்கவும் கூடாது. இன்று விஜயதசமி. அதனால் இன்று எழுதுகிறேன். நான் எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் வருகிறது. 'ழ' வரும் இடத்தில் பேனா நின்று யோசிக்கிறது. ஆனாலும் வருகிறது மச்சான்! ஒரு பக்கம் முடியப் போகிறது. எழுதியதை நானே திரும்பப் படித்தேன். நான் நினைத்ததுதான் அதில் இருக்கிறது. இது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

உங்கள் மகள் செல்வி அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிய நாள் நினைவிருக்கிறதா? அவள் வேலை பார்க்கும் இடத்தில் செய்த விளையாட்டு. எழுத்து, பேச்சு எல்லாம் தமிழில். "அப்பா, நீங்க விளையாடிப் பாத்து எங்க புரியலைன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்றாள். நீங்கள் கோபப்படவில்லை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றபின் உங்களிடம் ஒருவர் ஒரு வேலையைச் செய்து தரச் சொல்லிக் கேட்டது அன்றுதான். மறுநாளே எனக்குப் போன் போட்டீர்கள். "மாப்ள, கெளம்பி வா. ஆள் பத்தலை."

தச்சு வேலையை மகனிடம் விட்டுவிட்டு நானும் சும்மாதான் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவேன். நாம் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து, திரைக்குள் இருக்கும் அந்த ஒருவனை நடத்துவோம். அவனுக்குப் பெயர் உண்டு. நாம் 'நம்ம ஆள்' என்றுதான் சொன்னோம். காட்டைத் தாண்டி, மலையைத் தாண்டி, ஒரு பாலத்தை அவன் கடக்க வேண்டும். பாலத்தில் கல்லால் ஆன ஒரு காவலன் நிற்பான். அவனைச் சாய்க்காமல் அந்தப் பக்கம் போக முடியாது. செத்தால் கிணற்றடியில் மறுபடி எழுந்து வர வேண்டும். கிணற்றடியை நாம் நம் வீட்டு வாசலைவிட அதிகம் பார்த்தோம்.

நம்ம ஆளின் பையில் வாள், ஈட்டி, கோடாலி, மந்திரக் கோல் என்று பல ஆயுதங்கள் இருந்தன. கோடாலியைப் பார்த்ததும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குக் கோல்தான் பிடித்திருந்தது. அதன் நுனியில் நீல வெளிச்சம் வரும்போது வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வழியில் கிடைக்கும் தீட்டுக்கல்லைக் கொல்லனிடம் கொடுத்தால் ஆயுதத்தை ஒரு படி ஏற்றித் தருவான். கல் கிடைப்பதோ அபூர்வம். கிடைத்த கல்லை எல்லாம் நான் என்ன செய்யச் சொன்னேன்?

"எல்லாத்தையும் ஒவ்வொரு படி தீட்டிப்புடுவோம் மச்சான்."

"ஏன் மாப்ள, ஒண்ணே ஒண்ண நல்லாத் தீட்டுனா என்ன?"

"பையில ஒரு உளிய மட்டும் தீட்டிக்கிட்டு, மத்ததெல்லாம் மழுங்கக் கெடந்தா, அவன் தச்சனா? காலையில எல்லாத்தையும் தீட்டிட்டுத்தான் பையைத் தூக்கணும்."

சமையலறையில் இருந்து என் அக்கா கத்தினாள். "ஊருல ஒருத்தன் வீட்டுக் கதவு தேய்க்குது, நெலை எறங்கிக் கெடக்குது. அத விட்டுப்புட்டு டிவிக்குள்ள இருக்கவனுக்குக் கோடாலி தீட்டுதாம் ரெண்டு கெழடும்!"

நான் சொன்னபடியே தீட்டினோம். பாலத்துக்குப் போனோம். கோடாலியால் வெட்டினால் காவலன் மேல் பொறி பறந்தது, அவ்வளவுதான். வாளை மாற்றினோம், ஈட்டியை மாற்றினோம். எல்லாம் கூர்தான். எதுவும் கல்லுக்குள் இறங்கவில்லை. அவன் கையை ஓங்கி ஒரு போடு போட்டான். நாம் கிணற்றடியில் இருந்தோம்.

அன்றுதான் நீங்கள் எனக்கு அந்தக் கணக்கை விளங்க வைத்தீர்கள். கோடாலிக்குப் பக்கத்தில் 'துணை: வலு' என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். கோலுக்குப் பக்கத்தில் 'துணை: அறிவு'. எனக்கு எழுத்தும் தெரியாது, அர்த்தமும் தெரியவில்லை. உங்கள் பழைய சைக்கிளை வைத்துச் சொன்னீர்கள்.

"தபால் எடுத்துக்கிட்டு ஒக்கூர் ரோட்டு மேட்டுல ஏறுவேன்ல. புதுச் சைக்கிள் வாங்குன வாரம் எனக்குக் காய்ச்சல். சைக்கிள் என்னமோ பளபளன்னு இருக்கு. மேட்டுல பாதியில நின்னு போச்சு. ஏன்? மிதிக்கிற காலுல சத்து இல்லை. சைக்கிளோட வேகம் பாதி, காலோட வேகம் பாதி. அந்தக் காலைத்தான் இங்க துணைன்னு போட்டிருக்கு."

"அப்பக் காலுல சத்து இருந்தா ஓட்டைச் சைக்கிள் போதுமா?"

"அதுவும் போதாது. ஓட்டைச் சைக்கிள்ல மிதிச்சா பாதி மிதி வீணாப் போகும். நல்ல சைக்கிள்ல மிதிச்ச மிதி அம்புட்டும் ரோட்டுக்கு வரும். தீட்டத் தீட்ட, நம்ம ஆளோட வலு வீணாகாமக் கோடாலிக்கு வரும். கல்லு ஒரு ஆயுதத்துக்கு. புள்ளி அந்த ஆயுதத்தோட துணைக்கு. பிரிச்சா ரெண்டும் கெட்டுச்சு."

புள்ளி என்பது நம்ம ஆள் ஒவ்வொரு தரம் வளரும்போதும் கிடைப்பது. உயிர், வலு, வேகம், அறிவு என்று நான்கில் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம். எனக்குக் கோடாலி, உங்களுக்குக் கோல். அதனால் ஒரு தரம் வலுவுக்கு, மறு தரம் அறிவுக்கு என்று ஒப்பந்தம் போட்டோம். பிரித்தால் கெடும் என்று நீங்களே சொன்ன பிறகும் நான்தான் விடவில்லை. உங்கள் கோலும் வளர வேண்டும் என்றேன். சரி என்றீர்கள். புள்ளி வைப்பது உங்கள் கை. "இந்த வாட்டி வலுவுக்கு" என்பீர்கள். அடுத்த தரம் "இந்த வாட்டி அறிவுக்கு" என்பீர்கள். நான் தலையாட்டுவேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஊரெல்லாம் கடிதம் படித்துச் சொன்னவர் நீங்கள். "எழுதியிருக்கறதத்தான் படிக்கணும் மாப்ள. சேக்கவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. அது அவுக கடிதம், என் கடிதம் இல்லை" என்று பல தரம் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கொண்டுவந்த தச்சுச் சாமான்களோடு கன்ட்ரோலரையும் வைத்து நீங்களே சந்தனம் இட்டீர்கள். பொட்டு வைக்க வேண்டிய இடம் தெரியாமல் விரல் தடவித் தடவிப் போனது. சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது என்று அக்கா அன்றுதான் என்னிடம் சொன்னாள். உங்களுக்கு அது வெகு நாளாகவே தெரிந்திருக்கிறது.

மறுநாள் விஜயதசமி. கல்லலில் பிள்ளைகளைப் புதுச்சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் உள்ளே நுழைந்ததும் நீங்கள் கட்டிலில் இருந்தே, "வாங்க புதுப் பள்ளிக்கூடத்துப் புள்ள" என்றீர்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. கூச்சமாக இருந்தது எனக்கு.

"இந்த வயசுல எதுக்கு மச்சான்?"

"சட்டைப் பையில பேனா. மூக்குல கண்ணாடி. ஆயுதமெல்லாம் நல்லாத் தீட்டித்தான் வச்சிருக்கே. துணைதான் இல்லை. ஒக்காரு. இனிமே திரையில இருக்கறத எனக்கு நீதான் படிச்சுச் சொல்லணும்."

என் விரலைப் பிடித்து அரிசியில் எழுதினீர்கள். எல்லாரும் 'அ' எழுதும் நாளில் நான் எழுதிய முதல் சொல் 'வலு'. பிறகு 'உயிர்'. பிறகு 'துணை'. அந்த 'ணை' என்னைப் படுத்திய பாடு! உளியால் மரத்தில் செதுக்கச் சொல்லியிருந்தால் ஒரு பூவேலையே செய்து முடித்திருப்பேன். அக்கா எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா அரிசியத் திருப்பிப் பானையில போட்டுரு" என்றாள்.

அதன் பிறகு போகிற வருகிற வழியெல்லாம் படித்தேன். ஒரு நாள் காரைக்குடியில் பஸ்ஸில் 'கல்லல்' என்று போட்டிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர், "ஆமா பெரியவரே, கல்லல்தான், ஏறுங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும்! தை பிறந்தபோது நான் திரையில் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லவும், நீங்கள் கண்ணை மூடிக் கேட்கவும் பழகியிருந்தோம். கன்ட்ரோலர் என் கைக்கு வந்துவிட்டது.

அப்படி ஒரு மத்தியானம் நம்ம ஆளின் பக்கத்தைத் திறந்தேன். புள்ளிகள் எல்லாம் அங்கே இருக்கும். உயிர் படித்தேன். வலு படித்தேன். அவ்வளவு வலு எப்படி வந்தது என்று திகைப்பாக இருந்தது. அறிவு படித்தேன். பிறந்தபோது அவனுக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இருந்தது. ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி படித்தேன்.

"மச்சான், அறிவுக்கு வச்சேன் வச்சேன்னு சொன்னீகளே. எங்க அது?"

"அம்புட்டையும் படிச்சுப்புட்டியா? பரவாயில்லையே."

"போஸ்ட்மேன் பொய் படிக்கலாமா?"

"ரிட்டயர் ஆன போஸ்ட்மேன்தானே மாப்ள."

நான் சிரிக்கவில்லை. உங்கள் கோல் அப்படியே கிடக்கிறதே என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். கொஞ்சம் தள்ளி, எனக்கும் சன்னலுக்கும் நடுவில் பார்த்துப் பேசினீர்கள்.

"ரெண்டாப் பிரிச்சா ரெண்டுமே பாலம் தாண்டாது. ஏதாச்சும் ஒண்ணுதான் தாண்டும். கண்ணு நிக்காதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. கோல வளத்துட்டு நான் என்ன செய்ய? இருக்கப் போறவன் கையில எது இருக்கோ அதுக்குத்தான் துணை வேணும். சும்மா மூஞ்சியத் தூக்காம கொல்லன்கிட்டப் போ. பெரிய கல்லு ஒண்ணு இருக்குல்ல, அதையும் கோடாலிக்கே குடு."

கொடுத்தேன். அன்றிலிருந்து நீங்கள் காதால் விளையாடினீர்கள். கையை ஓங்குவதற்கு முன் காவலன் ஒரு மூச்சு இழுப்பான். எனக்கு அது கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டுச் சொல்வீர்கள். "இங்குட்டு ஒதுங்கு! இப்பப் போடு! அங்குட்டு போகாத, விழுந்துருவே!" கோடாலி முதல் தடவையாகக் கல்லுக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்டு நீங்கள் தொடையில் தட்டினீர்கள். ஒரு நாள் காவலனின் உயிர்க்கோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. அவசரப்பட்டு ஒரு வெட்டு அதிகமாக வெட்டப் போனேன். கிணற்றடி. "நாளைக்கு விழுந்துருவான்" என்றீர்கள்.

மறுநாள் காலையில் உங்களைச் சிவகங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நீங்கள் திரும்பி வந்தது உயிரோடு அல்ல; நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அதன் பிறகு நான் கல்லலுக்கு வருவேன், அக்காவைப் பார்ப்பேன், காப்பி குடிப்பேன், போவேன். டிவிப் பக்கம் திரும்புவதில்லை. ஆவணியில் ஒரு நாள் அக்கா காப்பி தரவில்லை. கன்ட்ரோலரைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"நாளைக்கு விழுந்துருவான்னு சொல்லிட்டுப் படுத்தாக. நீ பாட்டுக்கு அப்படியே போட்டுட்டு வந்து வந்து போனா என்ன அர்த்தம்? ஒக்காரு."

நீங்கள் உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காவலன் முன்னால் போய் நின்றேன். உங்கள் குரல் இல்லாமல் எப்போது ஒதுங்குவது என்று தெரியவில்லை.

"இங்குட்டு ஒதுங்கு" என்றாள் அக்கா.

ஒதுங்கினேன். கல் கை காலடியில் விழுந்தது. அவள் கீரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. "அடுப்படியில நிண்டு மாசக்கணக்கா இந்தச் சத்தத்தத்தானே கேட்டேன். மூச்சு இழுக்கிறான் பாரு. இப்பப் போடு."

போட்டேன் மச்சான். சாய்ந்தான். பாலம் முழுக்கத் தூசி. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நம்ம ஆளை மெல்ல நடத்திப் பாலத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். நாம் இருவரும் பார்க்காத ஊர். ஒரு பலகை நட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன்: "இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். கிணறு வலது பக்கம்." அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. அக்கா முந்தானைக்குள் இருந்தே, "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன்.

நம்ம ஆள் வளர்ந்ததற்கு ஒரு புள்ளி கிடைத்தது. பக்கத்தைத் திறந்து, நிதானமாகப் படித்து, அறிவில் வைத்தேன். பிறகு பையைத் திறந்து உங்கள் கோலைப் பார்த்தேன். அதற்கு நான் இப்போது கல் எதுவும் கொடுக்கவில்லை. அதை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் அதன் அடி எவ்வளவு என்று காட்டும் எண்ணில் ஒன்று கூடியிருந்தது.

உங்கள் மாப்பிள்ளை