சொடக்குச் சத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு முதலில் வந்தவளே கேட்டுவிட்டாள். "சத்தம் வருமா டாக்டரம்மா?"

ரோசம்மாள். காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறாள். கூடையைத் தலையில் தூக்கித் தூக்கிக் கழுத்து இடது பக்கம் திரும்பவே இல்லை. படுக்க வைத்து, கழுத்தெலும்பு ஒவ்வொன்றின் ஓரத்திலும் கட்டைவிரலை வைத்து மெல்ல, விட்டு விட்டு, அசைத்துக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்ததும் தோள் வரைக்கும் திரும்பிப் பார்த்தாள். சுவரிலிருக்கும் காலண்டர் தெரிகிறது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தடவித்தானே விட்டீங்க. போன்ல அந்தத் தம்பி செய்றப்ப டொக்குன்னு கேக்குது" என்கிறாள்.

அந்தத் தம்பி என் முதலாளி. பிரவீன்ராஜ். பிசியோதெரபி படிக்கும்போது எனக்கு ஜூனியர். பரீட்சைக்கு என் நோட்டை வாங்கிப் படித்தவன், இன்றைக்குத் தில்லைநகரில் கிளினிக் வைத்து எனக்குச் சம்பளம் கொடுக்கிறான். பெங்களூரு போய் ஏதோ ஒரு வாரப் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து இந்தக் கூத்து. வந்தவர் காலரில் மைக்கை மாட்டுவது, தலையை ஒரு பக்கம் கோடி வரைக்கும் திருப்புவது, வெடுக்கென்று ஒரு வெட்டு. டொக். அதை வீடியோவாகப் போடுகிறான். ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது.

தடவினேனாம்.

ஜூன் 11, புதன்

பிரவீன் அறைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, ஜூலை ஒண்ணுலேர்ந்து நீங்களும் கழுத்துல சொடக்கு எடுத்தாகணும். எல்லாரும் அதைக் கேட்டுத்தான் வர்றாங்க."

"மாட்டேன்னா?"

"வேற ஆள் பாத்துக்குவேன்க்கா. தப்பா நெனைக்காதீங்க."

இதில் தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? பதினோரு வருஷமாக இதே கையால்தான் பார்க்கிறேன். அவன் கிளினிக் ஆரம்பித்தபோது எனக்காகத்தான் ஆள் வந்தது. இப்போது என் கைக்குச் சத்தம் இல்லையென்று கணக்குத் தீர்க்கிறான்.

ஜூன் 12, வியாழன்

நேற்று அவன் எதிரே வாயடைத்து நின்றுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் நாக்குத்தான் காலை வாரிவிடும். எழுதியாவது தொலைக்கிறேன்.

அந்த டொக் என்பது என்ன? மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாகும்போது வருகிற சத்தம். விரலில் நெட்டி முறித்தாலும் அதேதான். எலும்பு விலகியிருந்து "உக்காந்துச்சு" என்று அவன் சொல்வது வாயில் வந்த கதை. வெட்டினால் பலனே இல்லை என்று நான் சொன்னேனா? சொல்லவே இல்லை. ஆராய்ச்சியில் வெட்டுவதையும் மெல்ல அசைப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரணக் கழுத்து வலிக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பலன். இரண்டோடும் உடற்பயிற்சி சேர்ந்தால்தான் நிற்கும். முதுகின் மேல்பக்கத்தில் அதே வெட்டை நானே செய்கிறேன், அதில் எனக்கு ஒரு தகராறும் கிடையாது. கழுத்தில்தான் தகராறு. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அந்த எலும்புகளுக்குள்ளே புகுந்து போகிறது. அபூர்வமாகத்தான் கிழியும். கிழிந்தால் பக்கவாதம். பலன் ஒன்றேதான் என்றால் எதற்கு அந்த அபூர்வம்?

இன்னொன்றும் உண்டு. நான் அசைக்கும்போது வலித்தால் "போதும்" என்று சொல்லலாம், கையை எடுத்துவிடுவேன். அவன் வெட்டும்போது சொல்ல நேரமே கிடையாது. சொல்ல வாயெடுப்பதற்குள் டொக்.

இதையெல்லாம் நேற்றுச் சொல்லியிருக்க வேண்டாமா? மண்ணு மாதிரி நின்னேன்.

ஜூன் 14, சனி

என் வீட்டுக்காரர் அரவிந்தனுக்கும் கழுத்து வலி. மண்டியில் நாளெல்லாம் கம்ப்யூட்டர், வீட்டுக்கு வந்தால் போன். படுங்க, பார்க்கிறேன் என்றேன்.

"நாள் பூரா ஊராருக்குச் செஞ்சிட்டு வர்ற. எனக்கு வேற செய்யணுமா, விடு" என்றார்.

அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வரவேற்பில் இருக்கும் இர்பானா போனை நீட்டி, "மேடம், இது உங்க சார்தானே?" என்று கேட்டாள்.

என் சார்தான். நான் வாங்கிக்கொடுத்த ஊதாச் சட்டையில், காலரில் மைக்கோடு. தலையைத் திருப்பி டொக். அந்தப் பக்கம் டொக். எழுந்து உட்கார்ந்து, "சூப்பரா இருக்குங்க, பாரம் எறங்கின மாதிரி இருக்கு" என்கிறார். நேற்று நான் ஜீயபுரத்தில் ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். வீடியோவுக்குக் கீழே எவனோ கேட்டிருக்கிறான், இவர் யமுனா மேடம் வீட்டுக்காரர் ஆச்சே என்று. அதற்குச் சிரிக்கிற பொம்மை ஒன்று பதில்.

பிரவீன் போட்ட பதில்.

அந்தக் கோபத்தோடு போய் அடுத்தவர் கழுத்தைத் தொடக்கூடாது என்று வெளியே போய் நின்றேன்.

ஜூன் 18, புதன்

பேசவில்லை. தோசை மட்டும் வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பேசிவிட்டேன். பேச்சா அது. அண்டை வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள்.

"பிபி மாத்திரை சாப்பிடறேன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலையே."

"தலைசுத்துதான்னு கேட்டானா? கை மரத்துப்போகுதான்னு கேட்டானா?"

"வலி போயிடுச்சு யமுனா. அதுதான் உனக்குக் கோவம்."

சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. வலி போய்விட்டது. தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். கட்டின புருஷனுக்கு வலி போனதற்கு வயிறு எரிகிற பெண்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் எரியத்தான் செய்யுது, என்ன பண்ணச் சொல்றீங்க? என் கையை நம்பலையே. வெளியாள் நம்பாவிட்டால் போகிறான். இவரு என் கையால சாப்பிடறவரு.

ஜூன் 25, புதன்

அரவிந்தன் வண்டியை வெளியே எடுக்கும்போது பின்னால் பார்க்க இடுப்போடு திரும்புகிறார். வலி வந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

கிளினிக்கில் ரோசம்மாளும் அடுத்த தடவை தம்பியிடமே காட்டிக்கொள்வதாகச் சொல்லி வெள்ளிக்கிழமைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போகட்டும். எல்லாரும் போங்க.

ஜூன் 27, வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

பதினொரு மணி வாக்கில் பிரவீன் என் தடுப்புக்குள் வந்தான். கூட அவன் அம்மா. அமிர்தம்மா. மருங்காபுரியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். கடலைக் காட்டில் களை எடுத்து எடுத்துக் கழுத்து பிடித்துக்கொண்டதாம்.

"அக்கா, அம்மாவை நீங்க பாருங்க" என்றான், குரலைத் தாழ்த்தி.

"ஏன்? நீதான் ஒரு நிமிஷத்துல போக்கிடுவியே."

"மெதுவா, உங்க மாதிரியே செய்ங்கக்கா. ப்ளீஸ்."

படுக்க வைத்தேன். அந்த அம்மா என்ன பாவம் செய்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, எப்போதும் போல் அசைத்துக் கொடுத்தேன். பிரவீன் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அமிர்தம்மாவே கேட்டார்.

"ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் டொக்கு டொக்குன்னு செய்ற. பெத்தவளுக்குச் செய்ய மாட்டியா?"

"உனக்கு வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

அவன் என்னைப் பார்த்தான். காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பான். நான் அமிர்தம்மாவின் கழுத்திலேயே கண்ணாக இருந்தேன்.

"பயமா இருக்கும்மா" என்றான் கடைசியில். "கழுத்துல மூளைக்கு ரத்தக்குழா போவுது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா..."

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ரோசம்மாளின் குரல், காய் விலை கேட்கிற அதே குரல்:

"எங்க கழுத்துலல்லாம் அந்தக் குழா போவலையா தம்பி?"

அவன் தன் அறைக்குள் போய்விட்டான். அமிர்தம்மாவுக்கு முடித்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். இந்தத் தடவை நாக்கு காலை வாரவில்லை.

"அரவிந்தனைத் திருகினப்ப இந்தப் பயம் எங்கடா போச்சு?"

"அண்ணன்தான் வந்து கேட்டாருக்கா."

"உங்கம்மாவும்தான் கேட்டாங்க."

ஒன்றாம் தேதியிலிருந்து நான் வரமாட்டேன் என்று சொன்னேன். வர வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னதை அவனுடைய வீடியோவில், எல்லாருக்கும், அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். "கூட்டம் போயிடும்க்கா" என்றான். போகட்டும் என்றேன்.

வெளியே வந்தால், ரோசம்மாள் என் தடுப்புக்குள் கட்டிலில் ஏறிப் படுத்திருந்தாள். "அந்தம்மாவுக்குச் செஞ்ச மாதிரியே செய்ங்க" என்றாள். எனக்குக் கோபம் தீரவில்லை. நான் வருஷக்கணக்காகக் கையால் செய்து காட்டியதை நம்பாதவர்கள் அவன் ஒரு தடவை பயந்ததை நம்புகிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

என் சாமான்களைப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இர்பானா அழுதாள். பிரவீன் கண்ணில் படவே இல்லை. சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் போக வேண்டிய இடம் இல்லாததால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அரவிந்தன் சாப்பிட உட்கார்ந்து, ஒரு கையில் தோசையும் ஒரு கையில் போனுமாக இருந்தார். போனில் பிரவீன் குரல். காது கொடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வழக்கமான பாட்டு இல்லை, விளக்கு வெளிச்சம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கம்மாவுக்கு நான் கழுத்துல சொடக்கு எடுக்கலைங்க. பயந்துட்டேன்" என்கிறான். ஏன் பயந்தான் என்று சொன்னான். இனி கழுத்தில் யாருக்கும் அப்படிச் செய்யப் போவதில்லை, யமுனா மேடம் மெதுவாகச் செய்வதற்கும் அதே பலன் உண்டு என்றான். ஏற்கெனவே செய்துகொண்டவர்களுக்குத் தலைசுற்றலோ, பேச்சுக் குழறலோ, கை மரத்துப்போவதோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான்.

அரவிந்தன் அதை இன்னொரு தடவை ஓடவிட்டார். தோசைக் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, மற்றக் கையால் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு எடுத்தானே யமுனா" என்றார்.

தலை சுற்றுகிறதா, கண் இரட்டையாகத் தெரிகிறதா, கை மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பரீட்சையில் பதில் சொல்கிற பையன் மாதிரி இல்லை, இல்லை என்றார். வலி மட்டும்தான் இருக்கிறதாம். போன வாரத்திலிருந்தே இருக்கிறதாம்.

"சாயந்திரம் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு தில்லைநகர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.