பதினெட்டு மார்க் மூன்றான கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதைவிடக் கொஞ்சம் சமாதானமாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள். மாடி வீட்டுக்காரர் இன்னமும் என் ஜன்னலுக்கு நேராகத்தான் ஸ்கூட்டரை நிறுத்துகிறார், நானும் இன்னமும் அவரோடு பேசவில்லை. உன் சித்தப்பா போன் செய்தான், எடுக்கவில்லை. உன் கல்யாணத்துக்குக் கடைசி ஆளாக வந்து முதல் ஆளாகக் கிளம்பியதை நான் மறந்துவிட்டேன் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து இறக்கி ஐந்தாம் வகுப்பில் போட்டபோது வேலையை விடுகிறேன் என்று குதித்தேன் அல்லவா, வருஷக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கோங்கப்பா, அப்பவும் பிடிக்கலைன்னா விட்டுடுங்க என்று நீதான் கெஞ்சினாய். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். என்னை அங்கே போட்டது யாரென்று உனக்குத் தெரியும், எனக்கு வந்திருக்க வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த ‘இஸ்திரி’தான், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வருவதால் பிள்ளைகளே வைத்த பெயர், நான் வைக்கவில்லை, ஆனால் பொருத்தமான பெயர். போன வாரம் பின்னங்களை எளிய வடிவத்துக்குச் சுருக்கக் கற்றுக்கொடுத்தேன். தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும், இனி வகுக்க முடியாது என்ற இடத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியாக இருக்கட்டும் என்று தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்து அவரவர் மதிப்பெண்ணை அவரவரே சுருக்கி எழுதச் சொன்னேன். முதல் பெஞ்சில் ஒரு வாயாடி, இருபத்துநாலுக்குப் பதினெட்டு எடுத்தவள், இரண்டையும் ஆறால் வகுத்து நாலுக்கு மூன்று, அதாவது முக்கால் என்று மிகச் சரியாக எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் மார்க்கெல்லாம் போய்விட்டது என்று அழுதிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் அம்மா வந்துவிட்டார். பேருந்து ஓட்டுகிறவர், சீருடையோடு தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து, பதினெட்டு வாங்கின பிள்ளைக்கு மூணுன்னு போட்டிருக்கீங்களே, மீதிப் பதினஞ்சு யார் வீட்டுக்குப் போச்சு என்று கேட்ட கேள்வி மணியடிக்கும் இடம் வரைக்கும் கேட்டது. போன தேர்வில் ஒன்பது வாங்கியவள் இந்தத் தடவை ரெட்டிப்பாக வாங்கியிருக்கிறாள், அதற்காகப் புது ஷூ கூட எடுத்துக் கொடுத்தாயிற்றாம். இஸ்திரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்னிப்புக் கேட்கச் சொல்வார், அங்கேயே ராஜினாமாவைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவரோ தாளைக்கூடப் பார்க்கவில்லை. சார் பார்த்த கணக்குல தப்பு இருக்காதும்மா, அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆனா இதை வாயால சொன்னா எனக்கே சின்ன வயசுல புரியலை, வாங்க, கிளாஸ்லயே போய் உட்காருவோம் என்று எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றிப் பிறர் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, ராஜினாமாவைச் சொல்ல மறந்து அவர் பின்னாலேயே நடந்தேன்.

இரண்டு பேரும் கடைசிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். நான் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை வெட்டினேன், ஒன்றில் இருபத்துநாலு கட்டம் போட்டுப் பதினெட்டுக்கு வண்ணம், மற்றதில் நாலே கட்டம் போட்டு மூன்றுக்கு வண்ணம். வாயாடியைக் கூப்பிட்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டு, அம்மா, ரெண்டுலயும் கலர் ஒரே இடத்துலதாம்மா முடியுது என்று கத்தினாள். அந்த அம்மாள் லேசில் விடுகிறவர் இல்லை, ரெண்டும் ஒண்ணுன்னா பதினெட்டாவே இருந்துட்டுப் போகட்டுமே சார், எதுக்குச் சுருக்கணும் என்றார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. வேறு வேறு பின்னங்கள் வந்து நிற்கும்போது எது பெரிது, எது சமம் என்று பார்த்தவுடனே தெரிவதற்காக என்று சொல்லி, போன தேர்வு எத்தனைக்கு என்று பிள்ளைகளைக் கேட்டேன். பன்னிரண்டுக்கு என்றார்கள். ஒன்பதையும் பன்னிரண்டையும் மூன்றால் வகுத்துப் பார்த்தால் அதுவும் முக்கால். உடனே அந்த அம்மாள், அடியே, ரெட்டிப்பு மார்க்குன்னு சொல்லி ஷூ வாங்கிட்டியேடி என்றாரே பார், வகுப்பே வெடித்தது. இஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அன்றைக்குத்தான் அவர் சட்டை கசங்கிப் பார்த்தேன். நானும் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

வெளியே வரும்போது இஸ்திரி, அடுத்த வருஷம் பத்தாவதையே எடுத்துக்கோங்க சார், ஆனா வேலையை விடப் போறதா ஸ்கூல் பூரா சொல்லிட்டிருக்கீங்களாமே என்று குத்தினார். அது பழைய சேதி சார், இதுங்க இப்பத்தான் சுருக்கவே கத்துக்கிட்டிருக்குங்க, பாதியில யார்கிட்டயும் விட மாட்டேன், ஆறாவதையும் எனக்கே போடுங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று உறைத்தது. நன்றி என்றும் சொன்னேன். அந்த நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நீயாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. ஆனால் இன்றைக்கு நான் வகுப்பில் நிற்கிறேன் என்றால் பாதி நீ கெஞ்சியதால், மீதி அந்த மனுஷனால்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, அம்மாவுக்குப் போன் செய்தால் பயிற்சியைப் பற்றிக் கட்டாயம் கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே. சித்தப்பா மறுபடி கூப்பிட்டால் எடுக்கலாம் என்று இருக்கிறேன். நானாகக் கூப்பிடுவேன் என்று மட்டும் தாயும் மகளும் சேர்ந்து கனவு காண வேண்டாம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்