வாய்க்காலுக்குப் பதில் நீங்கள் வாங்கிய பாதை

அன்பு வாப்பா,

சலாம். பதில் சலாம் வராது என்று தெரிந்தும் வாய் சொல்லிவிடுகிறது. நல்ல செய்தி சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வடகரைத் தோப்பில் வீடு கட்டுகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, துபாயை விட்டு வந்த நாள் முதல் நினைப்பு. அஸ்திவாரத்துக்கு நடுவே வாய்க்கால் வந்தது. மூடிவிட்டேன். பக்கத்து வயல் சுடலைமுத்து மாமாவுக்கு அதில்தான் தண்ணீர் போகும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மாமா தோப்புக்கே வந்துவிட்டார். "ஏலே காதரு, நீங்க தேங்காயத் தலைச்சுமையா சொமந்துக்கிட்டுக் கெடந்தீக. ஒங்க வாப்பா கேட்டாகன்னு என் வயல் வரப்ப வெட்டி வண்டிப்பாதை விட்டேன். பதிலுக்கு அவுக வாய்க்கா விட்டாக. இப்பம் நீ மூடுதியே, பயிரு கருகுதுலே."

"எழுத்து இருக்கா மாமா?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தென்காசி கோர்ட்டில் வழக்குப் போட்டார். என் வக்கீல் பொறுமையாகத்தான் விளக்கினார். "சும்மா விட்ட தண்ணின்னா நிறுத்திக்கிடலாம். பதிலுக்கு ஒங்க வாப்பா ஏதாச்சும் வாங்கியிருந்தா அது ஒப்பந்தம். எழுதலைன்னாலும் செல்லும். அவுக இல்லைன்னாலும், சொத்து வந்த ஒங்களக் கட்டுப்படுத்தும். ஏதும் வாங்குனாகளா?"

"இல்லை" என்றேன். பதில் மனுவில் அதையே எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்களும் மாமாவும் அன்றைக்குக் கைகொடுத்துக்கொண்டபோது பக்கத்தில் நின்றவன் நான். மாமாவுக்கு வேறு சாட்சி கிடையாது.

வழக்குப் போட்ட பிறகும் அவர் பாதையை மறிக்கவில்லை, வாப்பா. என் செங்கல், மணல் எல்லாம் அவர் வயலோரமாகத்தான் வருகிறது. போன வாரம் லாரி சேற்றில் சிக்கியபோது டயருக்கடியில் கல் எடுத்துப் போட்டதும் அவர்தான். மனசு கேட்காமல், "நீங்க மறிச்சிருக்கலாமே மாமா" என்றேன்.

"ஒங்க வாப்பாட்ட சொன்ன சொல்லுல்லா. ஒன் மேல உள்ள கோவத்துல அத எப்படிலே மாத்துவேன்?"

அன்று ராத்திரியே உங்கள் மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பம் வீடு?" என்று மட்டும் கேட்டாள். நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வரும் திங்கட்கிழமை எனக்குக் குறுக்கு விசாரணை. அதற்கு முன்பே வக்கீலிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், திட்டினால் திட்டட்டும். அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டி வந்தால், அழுதுகொண்டாவது பெயர்த்தெடுப்பேன். கூண்டில் ஏறியதும் முதலில் என் பெயரைக் கேட்பார்கள். அடுத்து தகப்பனார் பெயர். உங்கள் பெயரைச் சொன்ன வாயால், 'அவர் எதுவும் வாங்கவில்லை' என்று சொல்ல மாட்டேன் வாப்பா.

உங்கள் மகன்,
காதர்