உப்பில்லாச் சமையலுக்கு ஆள் சேர்த்த கதை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலியும் அவரோடேயே நலமாக இருக்கிறது. உன் இருமல் நின்றதா, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குகிறாயா என்பதற்கு மழுப்பாமல் பதில் எழுது. போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பத்தடி தள்ளி நின்று, கேட்காதவர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், உனக்குத் தெரியாததா. இது அவர் காதில் விழக் கூடாத சமாச்சாரம். அதனால்தான் பார்சலில் ஓரமாகச் சொருகுகிறேன். கூட இருக்கும் கறுப்புப் பெட்டி ஹார்ட் டிஸ்க். அதைத் தன் சமையல் துண்டில் மூன்று சுற்று சுற்றிக் கட்டியது அவர், நானில்லை.

ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து அப்பா ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இருபத்தாறு வருஷம் உப்பு ஆகாதவர்களுக்குச் சமைத்தவர், நிறுத்து என்றால் கை நிற்குமா. குணமாகிப் போன நோயாளிகளின் வீட்டிலிருந்து இன்னமும் போன் வருகிறது, உங்க ருசி எங்களுக்கு வர மாட்டேங்குதே, என்ன பண்ணுறீங்க என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், ஒரே தடவையாக டிவியில் சொல்லிவிடுகிறேன் என்று கேபிள் சேனல் ஆபீசுக்கே போய்விட்டார். வாரம் இருபது நிமிஷம் தர்றோம், எடுக்கிறது வெட்டுறது எல்லாம் உங்க பாடு, மொதல் பாகத்த மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க, நல்லா இருந்தா தொடரலாம், இல்லேன்னா அதோட விட்டுருவோம் என்றார்களாம். நான் வேண்டாம் என்றேன். புள்ளியியல் பாடம் எடுக்கிற எனக்கு இந்த மாதிரி முயற்சிகள் எத்தனை பாதியில் நின்றுபோகும் என்று ஒரு மதிப்பீடு இருக்குமே. அவர் வழக்கம்போல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வழக்கம்போல் தன் இஷ்டப்படி செய்தார். ஆனால் அந்த ஆபீசிலிருந்து வந்தபோது இருந்த முகத்தை மூன்று மாதமாக நான் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டினார். சமையல் நிகழ்ச்சிக்கு ஆள் தேவை, சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. பதினொரு பேர் வந்தார்கள். என்ன சாப்பாடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் ஒன்பது பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. மிஞ்சியவர்கள் எதிர்வீட்டு பியூட்டி பார்லர்க்காரியும் தெருமுனை டிரைவிங் ஸ்கூல்காரரும்தான். உன் அத்தைக்குக் காகிதமே தேவைப்படவில்லை, தம்பி டிவியில் வருகிறான் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். பிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் எழுதினார். கேமரா டிரைவிங் ஸ்கூல், விளக்கும் மேக்கப்பும் பார்லர், மேற்பார்வை அக்கா, குறிப்பு எடுப்பது நான். என்னை யாரும் கேட்கவில்லை. கடைசி வரி படத்தொகுப்பு, அதற்கு எதிரே வெற்றிடம். டிரைவிங் ஸ்கூல்காரர், அதென்ன சார் பெரிய வேலை, என் போன்லயே வெட்டித் தர்றேன் என்றார். அந்த எடத்துக்கு ஆள் இருக்கு என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார் அப்பா. பார்லர்க்காரி யாரு யாரு என்று குடைந்தாள். அவர் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படப்பிடிப்பு, காய்கறி சூப். பார்லர்க்காரி அப்பாவின் வழுக்கையில் விளக்கு பளிச்சென்று அடிக்கிறது என்று நாலு தடவை பவுடர் போட்டாள். நாலாவது தடவை அவர், போதும்மா, இத வேக வெக்கப் போறதில்ல என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு போனைக் கையில் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தார், பழக்க தோஷம், அப்பா கத்தியை எடுக்கும்போதெல்லாம் மெதுவா, மெதுவா, பிரேக் என்கிறார், எல்லாம் பதிவாகியிருக்கிறது. இன்னும் இரண்டு போன்கள், அலமாரியில் ஒன்றும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்றும், அசையாமல் நின்று வேலை பார்த்தன, குழுவிலேயே ஒழுங்கானவர்கள் அவர்கள்தான். கடைசியில் அப்பா கரண்டியில் எடுத்து ஊதி, பாருங்க, ஒரு கல்லு உப்பு இல்ல, ஆனா ருசியில ஒரு குறையும் இல்ல என்று சொல்லி வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த சூப்பின் உப்புக்குக் கடல் தண்ணீர் தோற்றுவிடும்.

விசாரித்ததில் அத்தை முதலில் அழுதாள். பாவம், தம்பி பதட்டத்துல உப்பு போட மறந்துட்டானேன்னு ஒரு கைப்பிடி போட்டேன், ஊரு முன்னாடி மானம் போகக் கூடாதேன்னு என்றாள். டிரைவிங் ஸ்கூல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, நானும் அதே நல்லெண்ணத்துலதான் சார் என்றார். அக்கா, இது உப்பில்லாத சமையல் நிகழ்ச்சி, மூணு நாளா அதத்தான சொல்லிட்டிருக்கேன் என்றார் அப்பா. அத்தை, அதெல்லாம் சும்மா பேருக்குச் சொல்றேன்னுல நெனச்சேன் என்றாள். அவ்வளவுதான், அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, பவுடர் உதிர உதிரச் சிரித்தார். நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் கேட்காத சிரிப்பு.

எதற்கு இதெல்லாம் என்றால், மூன்று போனிலும் எடுத்தது சேர்த்து ஐந்து மணி நேரம் அந்தக் கறுப்புப் பெட்டியில் இருக்கிறது. திரும்ப எடுக்க நாளில்லை, ஆளும் இல்லை, அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இதில் ஒரு நல்ல இருபது நிமிஷம் இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது, எனக்கு அப்படித் தோன்றுவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதைக் கண்டுபிடித்து எடுக்கத் தெரிந்தவர் எடுக்க வேண்டும். நீ படத்தொகுப்பு வேலைக்கென்று கிளம்பிய அன்று வாசலில் நின்று அவர், வீடியோவ வெட்டி ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டதையும், நீ, உப்பில்லாம ஆக்குறதெல்லாம் ஒரு சமையலா என்று திருப்பிக் கொடுத்ததையும் நான் மறக்கவில்லை. பதினான்கு மாதமாக இருவரும் நேரடியாக ஒரு வார்த்தை பேசாமல் நான் நடுவில் தபால்காரி. யார் பேசியது சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, இருவரும் நன்றாகவே பேசினீர்கள்.

இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு பேர் போட்ட உப்பு மட்டுமில்லை அது. அடுப்புப் பக்கத்துப் போனைப் பார், கடிகாரம் கட்டிய ஒரு கை வந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போகும். அது என் கை. இருபத்துநாலு வருஷமாக அவர் முதுகைத் திருப்பும்போதெல்லாம் போட்டுப் போட்டுப் பழகிய கை, கேமராவைப் பார்த்தும் நிற்கவில்லை. குறிப்பேட்டில் அதை மட்டும் நான் எழுதவில்லை. அந்த இடத்தை வெட்டாதே, அவர் டிவியிலேயே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது, ஒவ்வொரு வாரமும் அப்பா உன்னை விசாரித்தார் என்று போனில் சொல்வேனே, அதுவும் நான் போட்டதுதான். அவர் பத்தடி தள்ளி நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். மன்னித்துக்கொள்.

ஆனால் திங்கட்கிழமை காலை பால் எடுக்கப் போனபோது பிரிட்ஜ் கதவில் கடைசி வரி நிரம்பியிருந்தது. படத்தொகுப்பு, வாண்டு. அவர் மட்டும் உன்னைக் கூப்பிடும் பெயர், அவருடைய கோணல் கையெழுத்து. இதில் நான் எதையும் போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உப்பு உன் விருப்பம். எங்கே இருந்தாலும் எடுத்த காரியம் கைகூடி, மனம் நிறைந்து இரு. மாசக் கடைசி என்பதை மறக்காதே. முடியும் என்றாலும் முடியாது என்றாலும் என்னிடம் சொல்லாதே, அவர் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல். நான் பத்தடி தள்ளி நிற்கிறேன்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா