மூன்றாம் பக்கத்தில் இருந்த பதினோரு வரிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ரேடியோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலு தரம் போய்வந்துவிட்டு இன்றைய நடை முடிந்தது என்கிறார். உன் தம்பி வீடு மாறிவிட்டான், நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, அவன் மகள் வாலு மட்டும் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி ஒவ்வொரு தடவையும் வேறு எண் சொல்கிறாள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஜனங்கள் இன்டர்நெட்டில் எழுதிப் போடுவதில் எதை எந்த நாட்டில் விட்டுவைக்கலாம், எதை எடுக்க வேண்டும் என்று பார்க்கும் பிரிவுக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், ஐந்து நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டு நீ போட்ட பட்டியலையும் வைத்திருந்தாய். வரி விடாமல் படித்தேன். ஒரு நாட்டில் வெளிவரும் முன் யாரும் தடுக்க முடியாது, பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம். அடுத்ததில் உண்மையையே எழுதினாலும் ஒருவருடைய மானம் போனால் குற்றம். இன்னொன்றில் ஒரு கூட்டத்தார் மேல் வெறுப்பைக் கிளப்பினால் சிறை, பக்கத்து நாட்டில் அதே பேச்சைப் போலீஸ்கூடத் தொட முடியாது. ஒரே வாக்கியம் எல்லையைத் தாண்டியதும் குற்றமாகிவிடுவது வேடிக்கையாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, “உன் ஆபீஸ்ல எப்படிம்மா இருந்துச்சு, நீ வாயே தெறக்க மாட்டேங்கிறியே” என்று கேட்டிருந்தாய். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படி.

நான் அந்தச் சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் என்றுதான் உனக்குத் தெரியும். ஆறு மாதம்தான் டைப்பிஸ்ட். தணிக்கைச் சட்டம் வந்ததும் எனக்குப் படிக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் பத்திரிகைகளின் அச்சுக்குப் போகும் பக்கங்கள் ஈரமாகவே என் மேஜைக்கு வரும், நான் சிவப்புப் பென்சிலோடு படிப்பேன். நான் கோடு போட்டது வெளியே போகாது. வெட்டிய இடத்தை வெற்றிடமாக விடக்கூடாது, வேறு எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். வெட்டப்பட்டது என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது, அது தனிக் குற்றம். வாரக் கடைசியில் அந்தத் தாள்களைப் பின்கட்டில் வைத்து எரித்துவிடுவோம். உன் பட்டியலில் யார் முடிவெடுப்பது, என்ன தண்டனை, எங்கே முறையிடுவது என்றெல்லாம் கட்டம் இருக்கிறது. வெட்டியதை வெட்டியதாகச் சொல்ல எந்த நாடு விடும் என்று ஒரு கட்டம் இல்லை, அதையும் சேர்த்துக்கொள் கண்ணு.

ஒரு நாள் பதினோரு வரியில் ஒரு செய்தி வந்தது. அக்கரைக்குப் போகும் படகின் அடிப்பலகை உளுத்துவிட்டது, தகரம் வைத்து அடித்திருக்கிறார்கள், கொள்ளும் ஆளைவிட இரண்டு மடங்கு ஏற்றுகிறார்கள் என்று நிருபர் நேரில் பார்த்து எழுதியிருந்தார். சட்டத்தில் பீதி கிளப்பும் செய்தி என்று ஒரு பிரிவு உண்டு. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, மேலதிகாரியைக்கூட நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, இது அந்தப் பிரிவில் வருமா வராதா என்று யோசிக்கச் சோம்பல், கோடு போட்டுவிட்டேன். அந்த இடத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. ஒன்பதாம் நாள் படகு நடு ஆற்றில் பிளந்தது. முப்பத்தேழு பேர். கரைக்குப் போய்ப் பார்த்தேன், செருப்புகளைத்தான் வரிசையாக வைத்திருந்தார்கள், ஜோடி சேராதவைதான் நிறைய.

அந்த நிருபர் யார் தெரியுமா, நீங்கள் பிள்ளைகளெல்லாம் மூணாம்பக்கம் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவீர்களே, அவர். ஆமாம், கக்கத்தில் பழைய பேப்பரோடு நம் தெருவில் போவாரே, அவரேதான். அவர் படகைப் போய்ப் பார்த்தது படகுத்துறையில் எல்லாருக்கும் தெரியும், அதனால் தெரிந்தும் எழுதவில்லை, படகு முதலாளியோடு சேர்ந்துகொண்டார் என்று ஊரே பேசியது. எழுதினேன், வெட்டிவிட்டார்கள் என்று அவர் சொன்னதற்கு எட்டு மாதம் உள்ளே வைத்தார்கள், பத்திரிகையும் எங்களுக்குத் தெரியாது என்று கை கழுவிவிட்டது. வெளியே வந்தவர் போஸ்ட் ஆபீஸ் வரிசை, முடிவெட்டும் கடை, எங்கே நாலு பேர் நின்றாலும் மூன்றாம் பக்கத்தை விரித்து அந்தச் சோப்பு விளம்பரத்தில் விரலை வைத்து, “இங்கதான் இருந்துச்சு, இங்கதான்” என்பார். நீ எட்டு வயதில் ஒரு நாள் அவரைப் போலவே விரலை வைத்து நடித்துக் காட்டினாய், உன்னை ஓங்கி அறைந்தேன். நான் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான், எதற்கென்று உனக்குத் தெரியாமலே போயிற்று. என்னிடமும் ஒரு தடவை விரித்துக் காட்டினார். “பாருங்கம்மா, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க” என்றார். பார்த்தேன். தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் மாத்திரை டப்பாவின் சீட்டைப் படித்தால்கூட எந்த வரியை எடுக்கலாம் என்று என் கண் தேடுகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் சில நாள் ஆள் குரல் மாதிரி கேட்கிறது, அப்பாவிடம் சொன்னால் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், உன் வயதுதான். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி, “அப்பா நெஜமாவே எழுதினாரா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்னிடமும் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு மறுநாள்தான் உன் கடிதம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கடைக்கே போனேன். கூட்டம் குறையும்வரை நின்றுவிட்டு, அவர் எழுதினார் என்றேன். எப்படித் தெரியும் என்றாள், நான்தான் வெட்டினேன் என்றேன். கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தீங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு தாளை எடுத்துவைத்து, “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள். போட்டேன், பெயர், பதவி, தேதியோடு. பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறாள். வெட்டியதை வெளியே சொன்னால் குற்றம் என்ற அந்தச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, வேலையை விட்டவர்களுக்கும் அது பொருந்தும், கால வரம்பு கிடையாது, நீயே பார்த்துக்கொள். மன்னித்துவிட்டாயா என்று அவளிடம் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயும் இல்லை.

அப்பாவிடம் நேற்று சொன்னேன், சாப்பிடாமல் எழுந்து போனார், காலையில் காபி போட்டுக் கொடுத்தார். அந்த வேலையில் இரு, விடு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். நீயும் மாப்பிள்ளையும் மனமொத்து நீண்ட நாள் வாழ வேண்டும், உன் கையால் யாருக்கும் கேடு வரக் கூடாது. இருமல் மருந்தை மறக்காதே. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இங்கிருந்து யாராவது போனில் கூப்பிட்டு உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறாள், அப்படித்தானே என்று கேட்டால், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆமாம் என்று சொல்லிவிடாதே. அம்மா தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று சொல்.

ஆசிகளுடன்,
உன் அம்மா