தன் படத்தின் மேல் தாள் ஒட்டச் சொன்னவள்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் நல்லபடியாக, வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்றே நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் கடையைத் திறந்து மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருப்பதில்லை, சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

அக்காவைக் கல்வி மந்திரி பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு, என்ன தப்பு செய்தாள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அக்கா மகள் சிட்டு இந்த வருஷம் ஏழாவது போயிருக்கிறாள் அல்லவா, போன மாதம் புதுப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பிரித்தாள். அதில் நாட்டின் கல்வி மந்திரிகளைப் பற்றி ஒரு பாடம். முதல் மந்திரி காலியாகக் கிடந்த கிடங்குகளில் எல்லாம் பலகை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தியது, அடுத்து வந்தவர் வாத்தியார்களுக்குப் பயிற்சிக் கல்லூரி கட்டியது என்று வரிசையாக வந்து, கடைசியில் அரைப் பக்கத்துக்கு உன் அக்கா, படத்தோடு. அம்மா, போட்டோவில் உன் மூக்கு என்ன இப்படி இருக்கு என்று சிட்டு கேட்க, அக்காவுக்கே அப்போதுதான் தெரியும், இதை யார் போடச் சொன்னது என்று சிரித்தாள். நான்தான் புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கையெழுத்து மந்திரி எங்கேடி காணோம் என்று கேட்டேன். சீருடை நிறத்தை மூன்று தடவை மாற்றின புண்ணியவானுக்குக்கூட இரண்டு வரி இருக்கிறது, அவருக்கு ஒரு எழுத்து இல்லை.

உனக்கு அவரைத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னால் மந்திரியாக இருந்தவர், இப்போது அக்கா கட்சிக்கு எதிர்க்கட்சிக்காரர், படுத்த படுக்கையாக இருக்கிறார். அப்பா கப்பல் வேலைக்குப் போயிருந்த சமயம் அக்காவைப் பள்ளியில் சேர்க்கப் போனேன், தகப்பன் கையெழுத்து இல்லாமல் சேர்க்க முடியாது, அவர் வந்ததும் வாருங்கள் என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். தாய் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று இந்த மந்திரி உத்தரவு போட்டதற்கப்புறம் அதே மேஜையில், அதே ஆள் முன்னால், என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளைச் சேர்த்தேன். அதுவரைக்கும் எதற்கும் என் கையெழுத்தை ஒருத்தர் கேட்டதில்லையடா. இதைச் சொன்னதும் அக்கா கையில் எடுத்த சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் புத்தகம் தயாரித்த அதிகாரியைக் கூப்பிட்டு அவர் பேரை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டாளாம். யாரும் சொல்லலைம்மா, மேலே அப்படித்தான் விரும்புவாங்கன்னு நாங்களா நினைச்சுக்கிட்டோம் என்றாராம் அந்த மனுஷன். கட்சிப் பெரியவர்கள் இதை ஏன் கிளறுகிறாய், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்த வருஷம் ஏழாவது படிக்கிற பிள்ளை அடுத்த வருஷம் எட்டாவது போயிடுமே, அதுக்கு யார் சொல்வா என்று கேட்டாள் உன் அக்கா. புத்தகம் எல்லாப் பள்ளிக்கும் போய்விட்டது, திரும்ப அச்சடிக்க வழியில்லை. அதனால் அவரைப் பற்றி ஒரு தாள் அச்சடித்து, தன் படம் இருக்கிற இடத்தின் மேலேயே ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டாள். சிட்டு வகுப்பில் ஒரு பையன், மந்திரி முகத்தில் பசை தடவினால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்தானாம், இவள் எழுந்து, எங்க அம்மாதான் தடவச் சொன்னாங்க, நல்லா தடவு என்றாளாம்.

சபையிலும் எழுந்து பேசினாள். கடையில் ஒருத்தருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தேன், டிவியில் அவள் குரல். அவர் எங்களை எதிர்த்தவர்தான், ஆனால் அவர் போட்ட உத்தரவால்தான் என் அம்மாவின் கையெழுத்தில் நான் படித்தேன், எங்கள் புத்தகத்தில் நடந்த தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன், பாவம் அந்த மனுஷன் மாட்டின கண்ணாடியோடு எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அந்தப் பழைய மந்திரியின் மகள் அக்காவுக்குப் போன் செய்தாளாம். அப்பா அந்தத் தாளை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார், மூன்றாவது தடவை எழுத்துப்பிழை பார்க்க என்றாளாம், கல்வி மந்திரி புத்தி போகுமா.

கட்சித் தலைவருக்குப் பொறுக்கவில்லை. கல்வியைப் பிடுங்கிக்கொண்டு அச்சகம், எழுதுபொருள் இலாகா உனக்கு என்று கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டாள், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா. வெளியே வந்து, பதவி போனதுக்கு இல்லைம்மா, பள்ளிக் கழிப்பறைகளைக் கட்டுற வேலை பாதியில நிக்குது என்றாள். காலையில் எழுந்து முதல் ஆளாக அலுவலகம் போய், தன் இடத்துக்கு வந்த புது மந்திரியை உட்கார வைத்து, எந்தப் பள்ளியில் கூரை இல்லை, எங்கே தண்ணீர் இல்லை என்று சாப்பாட்டு நேரம் வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அறையை விட்டு வந்தாள். நடைபாதையில் ஊழியர்கள் எல்லாரும் வந்து நின்றார்களாம், பியூன் அவள் பையை வாங்கிக் கார் வரைக்கும் தூக்கி வந்தாராம். மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவள் சொல்லமாட்டாள்.

நீ அக்காவுக்குப் போன் செய், துக்கம் விசாரிக்கிற குரலில் மட்டும் பேசிவிடாதே. உன் கண் பவர் சீட்டை அனுப்பு, புதுக் கண்ணாடி போட்டு அனுப்புகிறேன், பழையதை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்காதே. நீயும் அவளும் எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நூறு வருஷம் வாழவேண்டும். அவள் கல்வி மந்திரியாக இருந்த நாளெல்லாம் யாராவது கேட்டால்கூட வாயைத் திறக்கக் கூச்சப்பட்டேன். இப்போது கண் காட்ட வருகிறவர்களிடம் எல்லாம் கேட்காமலே சொல்கிறேன், கல்வி மந்திரியாக இருந்தாளே, அவள் என் மகள் என்று.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா