கண்கண்ட சாட்சி

நவம்பர் 5, புதன்

மழையும் பனியும் கலந்து ஊற்றுகிறது. வாசலெல்லாம் சேறு. புரூஜில் போட்ட உடுப்பெல்லாம் தோய்த்து முடிந்தது இன்றைக்குத்தான். இவருடைய சப்பாத்தின் அடியில் இன்னும் குதிரைச் சாணி. பெல்ஜியத்தில் இருந்து மொன்றியல் பியர்பொன்ட்ஸ் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார் மனுசன். கையால் தொட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஓங்காளம்.

வாங்க: மிளகாய்த்தூள், கண்ணுக்கு விடும் மருந்து, தடித்த கறுப்பு மார்க்கர். பேனையால் எழுதினால் எனக்கே வாசிக்க முடியவில்லை. மார்க்கரால் பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான். கொப்பி தீருகிற வேகத்தைப் பார்த்தால் நான் ஏதோ காவியம் எழுதுகிறேன் என்று நினைப்பார்கள்.

சனிக்கிழமை ஸ்ரெல்லாவும் கோயில் செபக்கூட்டத்து ஆட்களும் எங்கள் பயணப் படம் பார்க்க வருகிறார்களாம். என்னைக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீர் றோல்ஸ் மட்டும் பொரியும்." இவருடைய உத்தரவு.

நவம்பர் 6, வியாழன்

குளிர். வெயில் பேருக்கு.

ஒருதரம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். என் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் நிற்குமாம். போனது திரும்பாதாம். கண் டொக்டர் இதைச் சொன்ன அன்றைக்கே காருக்குள் வைத்து இவர்: "கண் இருக்கேக்கையே எல்லாத்தையும் உமக்குக் காட்டிப்போடுறன். ஆறுதலாப் போய்ப் பாப்பம்." உருகிப்போனேன், மடைச்சி.

பிறகு லிஸ்பன். டொலேடோ. இப்போது புரூஜ். ஆறுதலாம்! லிஸ்பனில் மீன் வெடுக்கு அடிக்கும் படிக்கட்டுகள், ஏறி இறங்கி முழங்கால் வீங்கினதுதான் மிச்சம். எந்த ஊர்க் கோயிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புனிதரின் காய்ந்த விரல். அதைப் போனில் பெரிதாக்கி என் மூக்கடியில் பிடித்தார். கும்பிட வேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். புரூஜில் தெருவெல்லாம் குதிரை மூத்திரம். அங்கே இவர் தன் மொன்றியல் பிரெஞ்சில் வழி கேட்க, வழியில் போனவன் இங்கிலீசில் பதில் சொன்னான். அந்த ஒன்றுதான் சந்தோசம்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி. கோபுரம், தெரியுதே? அன்னம், தெரியுதே? அங்கை, அந்த மூலை யன்னல், தெரியுதே? இல்லை என்றால் கையைப் பிடித்து இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு போவார், முகமும் வாடிவிடும். ஓம் என்றால் விடுவார். ஓம் ஓம் என்று சொல்லியே ஐரோப்பாவைக் கடந்தேன்.

ஒருவருக்கும் சொல்லக்கூடாதாம். "சனம் பரிதாபம் பாக்கும். எங்களுக்கேன் அந்த அரியண்டம்?" அதனால் பஸ் இலக்கம் தெரியாமல், சாரதிக்கு போன்ஜூர் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஏறுகிறேன். கோயிலில் ஆட்களைக் குரலை வைத்துத்தான் பிடிக்கிறேன். கை காட்டுகிறவர்களுக்கு நான் திருப்பிக் காட்டுவதில்லை. போன ஞாயிறு பின்வரிசை வாங்கில் ஒருத்தி: "றீற்றா அக்காவுக்கு இப்ப ஐரோப்பாத் திமிர்." அது மட்டும் வடிவாகக் கேட்டது. காதுக்கு ஒரு குறையும் இல்லையே, கோதாரி!

நவம்பர் 8, சனி

காலையில் வெள்ளையாய் உறைபனி. றோல்ஸ் பொரித்தது சத்தத்தை வைத்து. இரண்டு கருகல். அவற்றை இவருடைய கோப்பையில் போட்டேன்.

வந்தார்கள், சாப்பிட்டார்கள். பெரிய ரீவியில் படம். எல்லாப் படத்திலும் நான் ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிறேனாம். "குடுத்து வைச்ச மனுசி," என்றாள் ஸ்ரெல்லா. "எங்கட ஆள் என்னைப் பக்கத்தில டொலார்ட் முருகன் கோயில் தேருக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகாது, நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் எண்டு சாட்டு." எல்லோரும் சிரிப்பு.

புரூஜ் மாதா கோயில் படம் வந்தது. இவர் எழும்பி நின்றார். "இந்தச் சுருவத்துக்கு முன்னால நிண்டு இவ அழுத அழுகை! நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

யாரோ சிலுவை போட்டார்கள். ஸ்ரெல்லா என் இரண்டு கையையும் பிடித்தாள். "அக்கா, மாதா உங்களைத் தொட்டிருக்கிறா. நாளைக்குச் செபக்கூட்டத்தில நீங்கள் சாட்சி சொல்லவேணும். கண்கண்ட சாட்சி!"

சீ.

அந்தச் சிலையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஊத்தை. அவ்வளவுதான். ஓரத்தில் மெழுகுதிரி தெரிந்தது. சுவரில் கொளுவிய தீயணைக்கும் சிலிண்டர் பளிச்சென்று சிவப்பாய்த் தெரிந்தது. சிலிண்டர் தெரிகிறது, மாதா தெரியவில்லை. அதற்குத்தான் அழுதேன். அன்றைக்கே ஹோட்டலில் இவருக்குச் சொன்னேன். தெரிந்துகொண்டே அதை மாதா செய்த புதுமையாக்கி, றோல்ஸோடு சேர்த்துப் பரிமாறிவிட்டார்.

"வாற ஏப்ரலில ப்ராக். புக் பண்ணியாச்சு," என்றும் சொன்னார். கை தட்டினார்கள். கை கழுவப் போன நான் அவர்கள் போகும்வரை குளியலறையிலேயே நின்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காற்று. பின்னேரம் பனி தொடங்கும் என்றார்கள்.

காரில் இவர்: "ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு இரும். மாதாவை நினைச்சு அழுதனான் எண்டால் காணும்."

"கோயிலில வைச்சுப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"பொய் இல்லையே. அழுதனீர்தானே."

இந்த மனுசனோடு ஒரே காரில் இருக்கவே அருவருத்தது. கதவுப் பக்கம் ஒதுங்கினேன்.

கோயிலின் கீழ் மண்டபம். பாட்டு, செபம், பிறகு ஸ்ரெல்லா என் பெயரைக் கூப்பிட்டாள். மைக்கைத் தடவிப் பிடித்தேன். சொன்னது இவ்வளவுதான்:

"நான் புரூஜில மாதாவைக் காணேல்லை. எனக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கு. அதுக்குத்தான் அழுதனான். உங்களுக்குக் கை காட்டாததும் அதாலதான். திமிர் இல்லை."

பின்னால் யாரோ பழக்கதோசத்தில் "ஆமென்" என்றார்.

கூட்டம் முடிய என் முகத்துக்குக் கிட்டே ஒரு குரல். "அக்கா, நான் ஸ்ரெல்லா."

"தெரியுமடி. ஊரெல்லாம் மணக்கிற சென்ற் பூசிக்கொண்டு."

சிரித்துக்கொண்டே அழுதாள். பரிதாபம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், என் தோல் உரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இவருக்குச் சொன்னேன்: "ப்ராக்குக்கு நான் வரமாட்டன். இனி ஒரு இடத்துக்கும் வரமாட்டன்." எங்கேயோ திரும்பும்போது சிக்னல் போட்டவர் அணைக்க மறந்துவிட்டார். வீடுவரை டிக் டிக்.

நவம்பர் 10, திங்கள்

பனி கொட்டுகிறது. இவர் வாசல் பனியை வழிக்கப் போகவில்லை. தேத்தண்ணி தானே போட்டுக் கொண்டுவந்தார். சீனி கூட. எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

யன்னலைக் காட்டித் தெரியுதே என்று கேட்கப்போகிறார், கேட்டால் இந்தத் தேத்தண்ணியை அப்படியே ஊற்றுவது என்று இருந்தேன்.

"என்ன தெரியுது?" என்றார்.

இது வேறு கேள்வி என்று விளங்கவே கொஞ்சம் நேரம் எடுத்தது. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உங்கட மூக்கு இல்லை. வாய் இல்லை. காது ரெண்டும் இருக்கு."

"காது எப்பிடி?"

"நல்ல பெரிசு. இனியாவது கேக்கிறதுக்குப் பாவியுங்கோ."